ஐப்பசியில் நட்ட ஏழு மரங்கள்

1

ஐப்பசி பிறந்துவிட்டால் ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "இங்கே மழை பிடித்துக்கொண்டது, அங்கே எப்படி?" இருபத்தெட்டு வருஷமாக நானும் ஒரே பதிலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. ரங்கூனில் வைகாசியில் தொடங்குகிற மழை புரட்டாசி முடிய ஓயாமல் பெய்துவிட்டு, நீங்கள் குடை தேடுகிற நாளில் விடைபெற்றுக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு அடுத்த வைகாசி வரைக்கும் பேருக்கு ஒரு தூறல் விழுந்தால் அதிசயம். நீங்கள் நனைந்த விறகோடு தீபாவளிப் பலகாரம் செய்துகொண்டிருக்கும்போது, இங்கே பர்மியர்கள் தெளிந்த வானத்தின் கீழே பௌர்ணமிக்கு வாசல்தோறும் விளக்கேற்றி வைத்திருப்பார்கள்.

இந்தச் சின்ன விஷயத்தை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை போன ஐப்பசியில் வந்தது.

என் மகன் நடராஜன் ரயில்வேயில் குமாஸ்தா. பசுந்தாங்கில் மூன்றாம் மாடி அறையொன்றில் வெகுகாலம் இருந்த நாங்கள், இரண்டு வருஷத்துக்கு முன் நகரத்துக்குக் கிழக்கே தின்கன்ஜூனில் ஒரு பலகை வீடு கட்டிக்கொண்டு வந்தோம். வீட்டைச் சுற்றி நல்ல இடம். ஆனால் வெறும் மண். நிழலுக்கும் பழத்துக்கும் மரம் வைக்க வேண்டும் என்று நடராஜன் ஆனி மாதமே ஒரு நாற்றங்கால் ஆபீஸில் மனுப் போட்டான். அந்த மனுவில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம். ரங்கூன் என்று எழுதிவிட்டான். மூன்று வயதில் மாயவரத்திலிருந்து தாயின் இடுப்பில் வந்தவன். அவனுக்கு நினைவு தெரிந்தது இந்த ஊரில்தான். தகப்பனார் ஊர் மாயவரம், மகனுடைய ஊர் ரங்கூன் என்றால் நடுவில் ஏதாவது அத்தாட்சி வேண்டும் என்று மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். அத்தாட்சி வைத்து அனுப்பினான். அத்தாட்சியில் பிறந்த தேதி இல்லையென்று மறுபடியும் வந்தது. இப்படியே ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்றும் போய், கடைசியில் ஐப்பசி நாலாம் தேதி பதினைந்து கன்றுகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. மாவில் ஐந்து, பலாவில் நாலு, மற்றவை நம் வேங்கைக்கு உறவான, பர்மியர்கள் பிடாவு என்று சொல்லும் மரம்.

"மழ போனப்புறம் குடுக்கிறானுங்களே" என்று என் மருமகள் சலித்துக்கொண்டாள்.

"அதனால என்ன? ஐப்பசிதான் கன்னு வெக்கிற மாசம். அப்பாவக் கேளு" என்றான் நடராஜன்.

எட்டு வயதுப் பேத்தி மங்களம் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் புரியும், பேசும்போது பாதி வழியில் பர்மியத்துக்கு இறங்கிவிடுவாள். அவள் சொன்னாள்: "இல்லப்பா, எங்க சயாமா சொல்லியிருக்காங்க. வாசோவுலதான் நடணும். இப்ப நட்டா செத்துப்பூடும்." வாசோ என்பது நம் ஆடி. சயாமா என்றால் வாத்தியாரம்மா.

"ஒங்க சயாமா எத்தன மரம் நட்டாங்களாம்? பசுந்தாங் மில்லு ரோட்டுல தாத்தா நட்ட ஏழு மரத்தப் போய்ப் பாக்கச் சொல்லு. ஒவ்வொண்ணும் ரெண்டு ஆளு சேந்து கட்டிப் புடிக்கணும். எல்லாம் ஐப்பசியில நட்டது."

இதைச் சொல்லிவிட்டு நடராஜன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த ஏழு மரத்தின் கதை எங்கள் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக நடமாடுகிறது. அவன் தாயார் இருந்தவரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அதில் ஒரு மரத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டு வருவாள். மகன் நண்பர்களை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறான். நானும் காட்டியிருக்கிறேன்.

பதினைந்து கன்றுகளும் மூங்கில் கூடைகளில், இலை வாடாமல், என் முன்னால் வரிசையாக நின்றன. என் பேச்சை நம்பி நடப்போகிறான். நான் வாயைத் திறக்காவிட்டால் தை மாதத்துக்குள் இவை குச்சியாகிவிடும். வாயைத் திறந்தால் அந்த ஏழு மரத்தையும் சேர்த்துத்தான் திறக்க வேண்டும். "ரெண்டு நாள் போகட்டும், நாள் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

2

நான் ரங்கூனுக்கு வந்தது ஒரு தை மாதம். முப்பத்தாறு வயது. ஊரில் தாலுகாக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவன். இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்பதால் பசுந்தாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி மில்லில் பெரிய குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டார்கள். மில் வாசலிலிருந்து ஓடைத்துறை வரைக்கும் நிழலில்லாத செம்மண் ரோடு. மூட்டை சுமக்கிற ஆட்கள் வெயிலில் மயங்கி விழுகிறார்கள் என்று மானேஜர் துரை ரோட்டின் இரு பக்கமும் மரம் வைக்கத் தீர்மானித்தார். நாற்பது பிடாவுக் கன்றுகள் வந்தன. அவற்றைக் கவனிக்க அம்மாசி என்ற ஆளைப் போட்டார்கள்.

அம்மாசிக்கு அப்போது முப்பது வயதிருக்கலாம். கொள்ளிடக் கரைப் பக்கத்துக்காரன். இடது காது மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். பத்து வருஷத்துக்கு மேலாக பர்மாவில் இருந்தவன். வடக்கே மாவ்பியில் ஒரு தோட்டத்தில் வேலை செய்திருந்தான். கன்றுகளிடம் பேசுகிற பழக்கமுள்ளவன். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன்.

ஆடி மாதம் மழையில் நனைந்துகொண்டே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சாமி, கன்னுங்கள இப்ப எறக்கிப்புடலாமா? வேரு புடிக்க மூணு மாசம் மழ கெடைக்கும்."

"ஆடியிலா? ஐப்பசி வரட்டும்."

"ஐப்பசியில இங்க மழ கெடயாது சாமி."

நான் சிரித்துவிட்டேன். என் யோசனை இப்படிப் போயிற்று. நம் ஊரில் ஆடியில் தூறல்கூடப் பஞ்சம். பெரிய மழை ஐப்பசியில்தான். இங்கே ஆடியிலேயே இப்படிக் கொட்டுகிறது. அப்படியானால் ஐப்பசியில் எப்படிக் கொட்டும்! இந்த மழையிலும் அந்த வெள்ளத்திலும் சேர்த்து நனைந்தால் கன்று அழுகிப்போகாதா, பெருமழை வருகிற சமயம் பார்த்து வைப்பதுதானே புத்தி? மழையும் என் பஞ்சாங்கப்படியே கடல் தாண்டி வரும் என்று நினைத்தேன். வந்து ஏழு மாதம் ஆன நான், பத்து வருஷம் நனைந்தவனுக்கு இதைப் பாடமாகவே எடுத்தேன். துரையிடமும் அப்படியே சொன்னேன். அவரும் வங்காளத்திலிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்தவர். சரி என்று சொல்லிவிட்டு எட்டு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறினார்.

ஐப்பசி முதல் வாரம் நல்ல முகூர்த்தம் பார்த்து நாற்பது கன்றுகளையும் வைத்தோம். அன்று மத்தியானமே இடி இடித்து ஒரு பெருமழை பெய்தது. நான் மில் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "பார்த்தாயா அம்மாசி!" என்று கத்தினேன்.

அவன் மண்வெட்டியோடு மழையிலேயே நின்று வானத்தைப் பார்த்தான். "சாமி, இது போற மழ. வர்ற மழ இல்ல" என்றான்.

அதுதான் அந்த வருஷத்தின் கடைசி மழை.

3

கார்த்திகையில் எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை. அம்மாசி தனியாளாக, ஒரே ஒரு கிணற்றிலிருந்து நாற்பது கன்றுக்கும் தண்ணீர் சுமந்தான். ஓடையில் கடல் நீர் ஏறி இறங்குவதால் அது உதவாது. மார்கழியில் வந்து, இன்னும் மூன்று ஆள் கொடுத்தால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம் என்றான். கேட்பது நியாயம். ஆனால் ஆள் வேண்டுமென்று நான் மேலே எழுதினால், ஏன், மழை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ஒரு காகிதம் எழுதினேன். மையை ஒற்றினேன். பிறகு கிழித்துப் போட்டேன். அம்மாசியிடம், "எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை" என்றேன்.

பங்குனியில் துரை திரும்பி வந்தார். ரோட்டில் இறங்கி நடந்தார். நாற்பதில் பத்துப் பன்னிரண்டில்தான் பச்சை இருந்தது. என்னையும் அம்மாசியையும் கூப்பிட்டு நிறுத்தி, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். இந்த ஆள் ஊற்றவில்லை" என்று சொன்னேன்.

இங்கிலீஷில் சொன்னேன். அம்மாசி எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தான். அவனுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. நான் அவனுக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்து, நான் பேசப் பேச "ஆமாம், ஆமாம்" என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

துரை அதைப் பார்த்தார். "அவனே ஒத்துக்கொள்கிறானே" என்றார். வேலையிலிருந்து நிறுத்தும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதை அம்மாசிக்குத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

"தொர என்ன சொல்றாரு சாமி?"

"நாளையிலிருந்து வேலை இல்லையாம். குடிசையையும் காலி பண்ணணுமாம்."

"நீங்க எடுத்துச் சொன்னீங்கல்ல? ஆடியில கேட்டது, ஆளு கேட்டது?"

"எல்லாம் சொன்னேன். கேட்கவில்லை."

"சரி சாமி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற யாரையும் நான் போடவில்லை. சித்திரை வெயிலில் எல்லாம் தீய்ந்துவிடும், விஷயம் அதோடு முடியும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வைகாசியில் மழை இறங்கியபோது ஏழு கன்றுகள் உயிரோடு இருந்தன, துளிரும் விட்டன. மற்ற முப்பத்துமூன்று குழிகளில் ஆடி மாதம் வேறொருவர் புதுக் கன்றுகள் வைத்தார். சில வருஷம் கழித்து ஒரு பெரிய புயலில் அவற்றில் பாதி வேரோடு சாய்ந்தன. இந்த ஏழும் அசையவில்லை. துரை என்னைத் தட்டிக்கொடுத்தார். நல்ல முகூர்த்தத்தில் நட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மையாகிவிட்டது. அம்மாசியின் நினைவு வரும்போது, பாவம், நான் என்ன சொன்னேன் என்பது தெரியாமலே போய்விட்டான் என்று சமாதானம் செய்துகொள்வேன். இத்தனை வருஷமாக நான் சாய்ந்திருந்தது அந்தச் சமாதானத்தின்மேல்தான்.

4

நாள் பார்ப்பதாகச் சொன்ன மறுநாள் காலை, வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறிப் பசுந்தாங்குக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மரங்களைப் பார்த்தால் ஏதாவது தைரியம் வரும் என்று நினைத்திருக்கலாம்.

ரோட்டில் இப்போது மோட்டார் லாரிகள் ஓடுகின்றன. மூன்றாவது மரத்தின் அடியில் டோ மியா என்ற பர்மியப் பெண் மொஹிங்கா விற்கிறாள். மீன் குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டுத் தருவது; மில் ஆட்களுக்கு அதுதான் காலைப் பலகாரம். இருபது வயதில் அவள் அந்த இடத்தில் அடுப்பு வைத்தபோது கன்றுகள் அவள் முழங்கால் உயரம். நான் சைவம். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, வேலையிலிருந்த காலமெல்லாம் தினம் இருமுறை அவள் கடையைத் தாண்டிப் போனவன். ஒரு நாளும் நின்றதில்லை. அன்று கால் கடுத்தது. அவள் ஒரு முக்காலியைத் தள்ளினாள்.

"ஒக்காரு சாயேஜீ. முக்காலி கடிக்காது."

சாயேஜீ என்றால் பெரிய குமாஸ்தா. டோ மியா தமிழ் கற்றுக்கொண்டது மூட்டை சுமக்கிறவர்களிடமிருந்து. அதனால் அவளுக்கு நீங்கள், வாருங்கள் எல்லாம் தெரியாது. இந்த ஊரில் என்னை நீ என்று சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

உட்கார்ந்தேன். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "நான் நட்டது நன்றாக வளர்ந்திருக்கிறது" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீ நட்டே. வளத்தது காதறுந்தான்ல?"

"யாரு?"

"அம்மாசி. காது கிழிஞ்சவன். மறந்துட்டியா?"

"அவனைத்தான் பங்குனியிலேயே நிறுத்திவிட்டோமே."

"நிறுத்தினே. அவன் எங்க நின்னான்? படகுத்துறையில மூட்ட தூக்கப் போனான். ஆனா தெனம் விடியறதுக்குள்ள இங்க வருவான். மில்லு சங்கு ஊதறதுக்கு முன்னாடி போயிருவான். நீ பத்து மணிக்கு வர்ற ஆளு, ஒனக்கு எப்பிடித் தெரியும்? கெணத்துக்குக் கிட்ட இருக்கற ஏழு கன்னு மட்டும். அதுக்கு மேல ஒரு ஆளால ஆவாதுன்னான்."

நான் நம்பவில்லை. தண்ணீர் ஊற்றியிருந்தால் மண் ஈரமாக இருந்திருக்குமே, நான் தினம் பார்த்துக்கொண்டுதானே போனேன் என்றேன்.

"மேல ஊத்துனாத்தானே ஈரம் தெரியும்? மூங்கிலு நட்டு வெச்சிருந்தானே, வேருக்குப் பக்கத்துல, கணு ஓட்ட பண்ணி. அதுக்குள்ளதான் ஊத்துவான். தண்ணி நேரா கீழ போவும். வேரும் தண்ணியத் தேடிக் கீழ போவும், அப்பத்தான் மரம் நிக்கும்பான்."

அந்த மூங்கில்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஏழு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு முழ மூங்கில் துண்டு மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆடு கடிக்காமலிருக்க யாரோ நட்ட குச்சி என்று நினைத்தேன். மறுவருஷம் அசிங்கமாக இருக்கிறதென்று பிடுங்கச் சொன்னதே நான்தான். புயலில் ஏழும் சாயாததற்கு முகூர்த்தம் பார்த்துக் காரணம் சொன்னவனும் நான்தான்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன தெரியுமா?"

"துரையிடம் நான் சொன்னது."

"கேட்டுல வங்காளிக் காவக்காரன் இருந்தானே, அவன் இங்கிலீஷு தெரிஞ்சவன். அன்னிக்கே சொல்லிட்டான். அதான் தெனம் ஒன்னத் திட்டுவானே! கன்னு ஒண்ணுக்கு ரெண்டு கொடம். மொதக் கொடம் சும்மா ஊத்துவான். ரெண்டாங் கொடம் ஊத்தறப்போ திட்டிக்கிட்டே ஊத்துவான்."

"என்னவென்று?"

டோ மியா அதை அப்படியே, கொள்ளிடக் கரைப் பேச்சு மாறாமல் சொன்னாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் நாக்கில் அது பத்திரமாக இருந்திருக்கிறது. "'குடிடா கன்னு. அந்தப் படிச்ச கழுத வயிறெரிய வளருடா.'"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். யாரைச் சொல்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"என்மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தால் கன்றுக்கு எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். விட்டுத் தொலையேன்னேன். 'சண்ட எனக்கும் அந்த ஆளுக்கும். கன்னு என்ன பண்ணுச்சு?'ன்னான்." அவள் மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டாள். "மொத மழ வந்தன்னிக்கு வந்தான். ஏழையும் ஒரு சுத்து தொட்டுப் பாத்தான். இங்க ஒக்காந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டான். 'இனிமே இதுங்களே பாத்துக்கும்'ன்னு சொல்லிட்டுப் போனான். அப்பறம் வரல."

"எங்கே போனான்?"

"மேல, ஆத்துப் பக்கமா எங்கியோ. தெரியாது."

"இதை நீ ஏன் என்னிடம் சொல்லவேயில்லை?"

அவளுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "நீ எங்க நின்னே, நான் சொல்ல?"

5

அன்று சாயங்காலம் நடராஜன் ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலில் உட்காரவைத்துச் சொன்னேன். ஆடியில் அம்மாசி கேட்டதையும், கிழித்துப் போட்ட காகிதத்தையும், துரைமுன் நான் பேசியதையும், அவன் தலையாட்டியதையும், மூங்கிலையும். ஒன்றையும் விடவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மஞ்ச வெச்சிட்டு வருவாங்களேப்பா, பொங்கலுக்கு."

"ஆமாம்."

"எங்க ஆபீஸ்ல கீழ வேல செய்யறவங்களப் பத்தி தெனம் நானுந்தான் இங்கிலீஷ்ல எழுதறேன்" என்றான். பிறகு, "அந்த ஆளுக்கு அப்ப என்ன வயசு?"

"இப்போது உனக்கு இருக்கிற வயசு."

எழுந்து உள்ளே போய்விட்டான். கோபம் என்று நினைத்தேன். கோபமாகத்தான் இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அரிவாளோடு பின்பக்கம் போய், வேலியோரத்து மூங்கிலில் ஒன்றைச் சாய்த்து, முழம் முழமாக நறுக்கத் தொடங்கினான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்பியைக் காய்ச்சிக் கணுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

மங்களம் மட்டும் வந்து நின்றாள். "தாத்தா, எங்க சயாமா சொன்னது சரிதானே?"

"சரிதான்."

அவள் உடனே வேலிக்கு ஓடி, பக்கத்து வீட்டுத் தோழியிடம் பர்மியத்தில் மளமளவென்று எதையோ சொன்னாள். தெரு முழுவதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வருவாள் என்று தெரிந்தது. தடுக்கவில்லை.

மறுநாள் நட்டோம். கன்றுகள் கூடைக்குள் அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்காது; வேர் சுருண்டுவிடும். ஐப்பசியில் வைப்பதே பிசகு என்று சொல்லவும் இப்போது எனக்குத் துணிவில்லை. தண்ணீருக்கு ஆளிருந்தால் ஐப்பசிக் கன்று வேரை ஆழமாகவே விடுகிறது. அந்த ஏழு மரமே சாட்சி. அம்மாசி கேட்டதும் ஆட்களைத்தான். கன்றைச் சுற்றி உமியைக் கொட்டி மூடினோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மூங்கில்.

"தண்ணி ஊத்த ஒரு ஆளப் பாக்கறேன்" என்றான் நடராஜன்.

"ஆள் இருக்கிறது" என்றேன்.

"அறுபத்துநாலு வயசுலயா?"

"கிணறு பக்கத்தில்தான்."

6

இதை எழுதுவது சித்திரைக் கடைசியில். ஏழு மாதமாகத் தினம் விடியற்காலையில் தண்ணீர் இறைக்கிறேன். சின்னக் குடம்தான், கன்று ஒன்றுக்கு இரண்டு. தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது. மாசியில் ஒரு பலா பட்டுப்போயிற்று. பங்குனியில் ஒரு மா. பதின்மூன்று நிற்கின்றன. ஏதோ பிராயச்சித்தம் செய்வதாக நான் நினைக்கவில்லை. பதின்மூன்று மரம் வளர்த்தால் ஒரு பொய் அழிந்துவிடாது. பழைய துரை சீமையிலேயே காலமாகிவிட்டார். மில்லும் கைமாறிவிட்டது. உண்மையை எழுதிக் கொடுக்கக்கூட ஓர் ஆபீஸ் இல்லை. அதனால்தான் ஊர்ப் பத்திரிகை வழியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மாசியைத் தேடாமலில்லை. மில்லில் பழைய ஆள்பதிவைத் தூசி தட்டிப் பார்க்க அனுமதி வாங்கினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. பெயர் அம்மாசி. வேலை கூலி. தகப்பன் பெயர் இல்லை. சொந்த ஊர் என்ற கட்டத்தில், எல்லாக் கூலிகளுக்கும் போட்டதுபோல, 'மதராஸ்' என்று ஒரே வார்த்தை. அவன் வேறேதோ ஊர் சொல்லியிருப்பான். கேட்டு எழுதுகிற பொறுமை எனக்கு இல்லை. என் மகனுடைய மனு இரண்டு முறை திரும்பி வந்ததற்காக அந்த நாற்றங்கால் குமாஸ்தாவை நான் எவ்வளவோ வைதேன். அவன் அந்தக் கட்டத்தைப் படித்தாவது பார்த்தான்.

ஆகையால், கொள்ளிடக் கரைப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடது காது மடல் கிழிந்த, பர்மாவுக்குப் போய்வந்த அம்மாசி என்பவரோ, அவருடைய மக்களோ உங்கள் ஊரில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். பசுந்தாங் மில்லில் முப்பத்துமூன்று கன்றுகள் செத்தது அவரால் அல்ல. ஆடியிலேயே நடக் கேட்டவர் அவர், மறுத்தவன் நான். தண்ணீர் ஊற்றவில்லை என்று துரையிடம் சொன்னது பொய், சொன்னவன் நான். உயிரோடு நிற்கிற ஏழு மரமும் அவர் வளர்த்தவை. இதை எந்தப் பாஷையிலும், யார் முன்னாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் எதிர்பாராமல் கோடை மழை பெய்தது. பிடாவு மரத்துக்கு ஒரு குணம். முதல் மழை விழுந்த மறுநாள் ஒரே நாளைக்குப் பூக்கும், மறுநாளே உதிர்ந்துவிடும். ரயிலேறிப் போனேன். ஏழு மரமும் மஞ்சளாக நின்றன. டோ மியாவின் அடுப்பு, கிண்ணங்கள், அவள் கொண்டையெல்லாம் பூ.

முக்காலியில் உட்கார்ந்தேன். இப்போதும் நான் அவள் கடையில் சாப்பிடுவதில்லை. தேநீர் மட்டும் குடிக்கிறேன்.

"எத்தன நிக்குது?" என்றாள்.

"பதின்மூன்று."

"ரெண்டு கொடமும் ஊத்தறியா?"

"இரண்டும் ஊற்றுகிறேன்."

"ரெண்டாங் கொடத்துக்குத் திட்டறியா?"

"திட்டுகிறேன். அவன் சொன்னதையே சொல்லி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"வயிறு எரியுதா சாயேஜீ?"

"எரிகிறது."

"அப்ப வளரும்" என்று சொல்லிவிட்டு, தேநீரில் விழுந்த பூவை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.